வெள்ளானூர் சீன வாத்தியார்

1984 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளானூரில் குடியிருந்த லூ வென்ஷான் என்ற சீன வாத்தியார் பால் வாங்குவதற்காக முன்வாசல் வழியே வெளியே போய், பின்வாசல் வழியே உள்ளே வந்தார். நடுவில் தெரு வரவில்லை. முந்தின நாள்தான் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, விசாரணை முடியும்வரை வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சர்க்கார் உத்தரவு இவ்வளவு சுத்தமாக நிறைவேறி யாரும் பார்த்ததில்லை என்பதால் ஒரு வாரம் கூட்டம் வந்தது. பிறகு அவரவர் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள்.

"இன்னா வாத்தியாரே, முன்னால போன ஆளு பின்னால வந்து நிக்கிறே?" என்றாள் அவர் மனைவி நாகவல்லி. பாரிவாக்கத்தில் நாற்று நட்ட வீட்டுப் பெண்.

காலிச் சொம்போடு நின்றவர், "தெரு என்னை ஏத்துக்க மாட்டேங்குது, வல்லி" என்றார்.

அவருக்கு அது பழக்கம்தான். இளவயதில் ஷாங்காயில் ரயில்வே கூலிகளுக்குப் பள்ளி நடத்தி, ருஷ்யப் பிரசுரங்களைச் சீனத்தில் பெயர்த்து, அதற்காகத் தேடப்பட்டு மலாயாவுக்கு ஓடியவர். அங்கே ரப்பர் தோட்டத்துத் தமிழர்களிடம் தமிழ் கற்று, அதே தமிழில் அவர்களுக்குக் கம்யூனிசம் சொல்லிக்கொடுத்ததால் அவர்களோடு சேர்த்துக் கப்பலேற்றப்பட்டுச் சென்னையில் இறங்கினார். எந்த நாடும் அவரைத் தன் ஆள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. நாகவல்லி மட்டும் ஒப்புக்கொண்டாள்.

அவருடைய மாணவன் கன்னியப்பன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், அவரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மிதித்துப் பார்த்தான். சைக்கிள் புழக்கடை வழியாக வந்து தண்ணீர்க் குடத்தை உடைத்தது. பக்கச் சுவரை இடித்து வழி செய்தார்கள், அதிலும் அப்படியே. நாகவல்லி இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். ஜீப்பில் வந்தவர் மாற்றலாகி, ஓய்வு பெற்று, இறந்தும் போயிருந்தார். அப்படியோர் உத்தரவே போடப்படவில்லை, போடாததை ரத்து செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆகவே, எஸ்டேட் தொழிலாளர்களுக்கு அவர் நடத்திவந்த பள்ளி வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லேத் ஆட்களும் அவர்கள் பெண்டாட்டிகளும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ரயில்வே கூலிகளுக்காகத் தான் எழுதிய பாடங்களை அவர் தமிழாக்கிச் சொல்ல, நாகவல்லி எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள்.

எண்பத்தெட்டில் கன்னியப்பனின் கம்பெனியில் கதவடைப்புச் செய்தார்கள். கேட்டில் தடியடி நடந்து அவன் மண்டை உடைந்த செய்தி வந்ததும் வாத்தியார் செருப்பில்லாமல் கிளம்பினார். முன்னால் போனார், பின்னால் வந்தார், மறுபடி போனார். பாதம் வெடித்துத் தரையெல்லாம் ரத்தமானது. அந்த வீட்டில் அவர் அழுது நாகவல்லி பார்த்தது அன்றுதான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கேட்டில் நின்றாள். சாயங்காலம் வீங்கிய கையோடு திரும்பினாள்.

அவர் மஞ்சள் பற்றுப் போட்டபடி, "எனக்கு விழவேண்டிய அடி" என்றார்.

"உனக்கொசரம் யாரு போனது? எனக்கொசரம்தான் போய் நின்னேன். எல்லாத்தயும் உன் தலையில தூக்கி வச்சிக்காதே."

அவர் பற்றின் மேல் துணி சுற்றிக் கட்டினார். அதன்பிறகு முன்வாசலில் அவர் கால் வைக்கவே இல்லை. அவர் தேறிவிட்டார் என்றது ஊர். தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்துப் போகும்போதெல்லாம், தான் மட்டும் போய் வருவது நாகவல்லிக்குக் குற்றமாகப் பட்டது. செத்தாலாவது இவரை விடுவார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், கடைசிப் பாடத்தைச் சொல்லி முடித்த வாரத்தில், வாத்தியார் இறந்தார். சிவப்புத் துணி போர்த்திக் கன்னியப்பனும் மூன்று பேரும் பாடையைத் தூக்கினார்கள். முன்வாசலைத் தாண்டியவர்கள் பின்வாசலில் வந்து நின்றார்கள். தோள் மாற்றிக்கொண்டு மறுபடி போனார்கள். மறுபடி வந்தார்கள். மழை தூறியது.

"எறக்குங்கபா," என்றாள் நாகவல்லி. "எவ்ளோ நேரந்தான் தூக்கினு நிப்பீங்க."

புழக்கடையில், துணி உலர்த்தும் கயிற்றுக்குக் கீழே குழி வெட்டினார்கள். மண் ஈரமாக இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. கயிற்றை மட்டும் அவள் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொண்டாள்.