கம்பியின் சூடு

முதுகைத் துடைப்பதற்காக அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது, அந்த உடலில் கனமே இல்லை என்பது மூத்த மகளின் கைகளுக்குத் தெரிந்தது. ஒரு கையால் தாங்கிக்கொண்டே மறுகையால் ஈரத்துணியைப் பிழிய முடிந்தது.

"சின்னவளே," என்றாள் அம்மா.

"சின்னவ உரக்கிடங்குக்குப் போயிருக்காம்மா. நான் பெரியவ."

அம்மாவின் முகத்தில் எழுந்த ஏதோ ஒன்று அப்படியே அமர்ந்துவிட்டது. மங்கிய கண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன.

ஊரின் காய்கறிக் கழிவும் தோட்டக் குப்பையும் லாரி லாரியாக வந்து மக்கும் நகராட்சிக் கிடங்கில் அம்மா பாதி ஆயுளைக் கழித்தவள். பிறகு சின்னவளும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் இருவருக்கும் அதே பேச்சு. எந்தக் குவியல் சூடேறியது, எது நீர் கோத்து நாறியது, எதை நாளைக்குப் புரட்டிப் போடவேண்டும். பெரியவள் பரிமாறுவாள். "சமைச்சதைப் பாக்கறதில்ல, சீவிப்போட்ட தோலைத்தான் ரெண்டு பேரும் ஆசையாப் பாக்கறீங்க," என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். இருவரும் ஒரேமாதிரி சிரித்தார்கள். அந்த ஒரேமாதிரிதான் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

படுக்கையில் விழுந்தபின் அம்மா தனக்கே தனக்கானவள் ஆகிவிடுவாள் என்று பெரியவள் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் செய்தாள். ஆனால் சின்னவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்குத்தான் அம்மா கண் திறந்தாள். இன்று காலைகூட, "மழைத்தண்ணி எறங்கியிருக்கும், போய்ப் பாருடி," என்று அவளை விரட்டியது அம்மாதான்.

"சின்னவளே, கம்பி சுடுதா?" என்று அம்மா இப்போது மறுபடி கூப்பிட்டாள்.

குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி, உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். சுட்டால் உள்ளே நன்றாக மக்குகிறது என்று பொருள். பரிமாறும்போது காதில் விழுந்தே கற்றது.

பெரியவள் துணியைக் கீழே வைத்தாள்.

"சுடுதும்மா. கையில பிடிக்க முடியல."

அம்மா சிரித்தாள். "சருகு கலந்தியா?"

"ரெண்டு வண்டி கலந்தேன்." பொய் இத்தனை சுலபமாக வரும் என்று அவள் எண்ணியதில்லை.

"அப்ப நாறாது." உலர்ந்த விரல்கள் தேடி வந்து அவள் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன. இந்தப் பிடி அவளுக்குப் புதிது. "எனக்கு இன்னைக்குத் தாண்டாதுடி. பெரியவகிட்ட சொல்லிடாத. அவ தாங்கமாட்டா. நீ தாங்குவே."

இத்தனை மாதம் மலமும் மூத்திரமும் அள்ளியவள் தாங்கமாட்டாளாம்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"சொல்லலம்மா," என்றாள், தங்கையின் குரலில்.

அம்மாவின் மூச்சு நின்று, பிடி தளர்ந்த பிறகும், கட்டைவிரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் போன் செய்தாள்.

சின்னவள் ஓடிவந்தாள். முழங்கைவரை கரிய எரு. பெரியவள் வாளியும் குவளையுமாக வாசலிலேயே மறித்து நின்றாள்.

"இப்படியேவா தொடுவே? கையை நீட்டு."

நீட்டினாள். "அக்கா, அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா? என்னைக் கேட்டாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. தூக்கத்துலயே போயிட்டாங்க."

சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கைகளைத் தேய்த்தாள். கறுப்பாக வழிந்த தண்ணீர் பழுப்பாகி, பிறகு தெளிந்தது.

"போதுமாக்கா?"

"இன்னும் இருக்குடி," என்று பெரியவள் மறுபடி மொண்டு ஊற்றினாள்.