ரெட்டைத் தும்மல்

திருவண்ணாமலையில் என் குரலை எல்லோருக்கும் தெரியும். முகத்தை யாருக்கும் தெரியாது. "சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள். தும்மும்போது முழங்கையால் மூக்கை மூடுங்கள். காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே இருங்கள்" என்று ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் கிரிவலப் பாதையைச் சுற்றுகிற குரல் என்னுடையது. அது இதுவரை நாற்பது சுற்றாவது முடித்திருக்கும். நான் ஒரு சுற்றும் போனதில்லை.

சுகாதாரத் துறையில் ஒப்பந்த வேலை. போன ஆண்டு ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாகி என் மனைவி கீதாஞ்சலி இறந்தாள். மூன்று நாள் காய்ச்சலை அவள் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருந்த எனக்கும் தெரியவில்லை. அந்த வாரம் நான் காய்ச்சல் விழிப்புணர்வு முகாமில் மும்முரமாக இருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் ஐந்து வயது மகள் சினேகா, செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்தில் என் மாமியார் வெள்ளையம்மாளிடம் வளர்கிறாள். அவளை வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்கே அழைத்துவந்துவிட, ஒரு மாதம் கெஞ்சி அத்தையைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது உடம்பு கொதித்தது. மாத்திரை போட்டுக்கொண்டேன். யாராவது கேட்டால் தூசி என்று சொல்லலாம் என முகக்கவசம் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

குழந்தையின் பை தயாராக இருந்தது. வாசல் தாண்டும் நேரத்தில் தும்மினேன்.

"ஐயையோ, ஒத்தத் தும்மல்!" அத்தை பையைப் பிடுங்கினார். "கெளம்பாதீங்க மாப்ள. உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

ஒற்றைத் தும்மல் அபசகுனம். இரட்டை என்றால் பாதகமில்லை. அறிவியல் பட்டதாரியான நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அடுத்த தும்மலும் வந்தது.

அத்தையின் முகம் மலர்ந்தது. "ரெட்டை ஆயிடுச்சி! இனிமே ஒண்ணுமில்ல. கெளம்புங்க."

சினேகா என் விரலைப் பிடித்தாள். "உன் கை சுடுதுப்பா."

"வெயில்ல வந்தேன்டா."

பொய் கூசாமல் வந்தது. அவளோடு தெருவில் நாலு எட்டு வைத்தேன். அதற்கு மேல் கால் போகவில்லை. அவள் கையை விட்டேன்.

"அத்தை, எனக்கு ஜுரம். காலையிலேர்ந்தே. மாத்திரை போட்டு மறைச்சிட்டு வந்துட்டேன். பாப்பா இங்கயே இருக்கட்டும்."

அத்தை சினேகாவைத் தொட்டியடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டு அவள் கையைத் தேய்த்தார். "பொய்யி அப்பா, பொய்யி அப்பா" என்று அவள் அழுதாள். நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.

"எங்க போறீங்க?" அத்தையின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "ஊரையெல்லாம் வீட்ல இருக்கச் சொல்லிட்டு, நீங்க பஸ்ல அம்பது பேருக்குக் குடுத்துட்டுப் போறீங்களா? அங்க யாரு கஞ்சி வெப்பா? மோட்டார் ரூம் சும்மாதான் கெடக்குது. போய்ப் படுங்க."

கிணற்றடி மோட்டார் ரூமில் ஒரு கயிற்றுக்கட்டில் இருந்தது. மத்தியானம் அத்தை கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றார்.

"கை கழுவினீங்களா?"

"கழுவிட்டேன் அத்தை."

அவர் நகரவில்லை. எழுந்துபோய்க் கழுவினேன்.