ஐந்தாவது ஆள்

தகரக் குப்பைத் தொட்டிகளின் கைப்பிடியில் உறைபனி ஒட்டியிருந்தது. வெறுங்கையால் பிடித்தால் தோல் உரியும். வாட்டி ப்ரோகன் ஒரு தொட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பின்முற்றத்திலிருந்து கட்டடத்தின் குறுகிய நடைவழியே குனிந்து வந்தான். உள்ளே இருந்த அடுப்புக் கரிச்சாம்பல் இன்னும் ஆறவில்லை. முதுகு வெந்தது, விரல் விறைத்தது. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்தத் தெருவில் மட்டும் நூற்றிருபது தொட்டிகள்.

எஃபி லெக்கி விளக்குக் கம்பத்தடியில் நின்று பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது. அந்த வட்டாரத்தின் கவுன்சிலராகப் பதினான்கு வருடம். பகலில் ஊர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியை. குப்பை லாரிக்காரர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள்.

"என்ன டீச்சர், பரீட்சை மேற்பார்வையா?" என்றான் வாட்டி.

"ஒரு ஆளைக் குறைச்ச பிறகு எப்படிச் சமாளிக்கறீங்கன்னு பார்க்க வந்தேன்."

"அதுக்கென்ன, ஓடறோம். கையைத் தூக்கினது நீங்க. காலைத் தூக்கறது நாங்க."

லண்டன் அரசு ஒரு சட்டம் கொண்டுவரப்போகிறது. குறைந்த விலை கேட்பவனுக்கே குப்பை வேலை போகும். வேலையைக் கவுன்சில் கையிலேயே வைத்துக்கொள்ள, லாரிக்கு ஒரு ஆளைக் குறைப்பதென்று கவுன்சிலின் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மூடிய அறையில் முடிவெடுத்தார்கள். எஃபி எதிர்த்துப் பேசினாள். பதினாலுக்கு ஒன்பது என்று தோற்றாள். அறைக்குள் தோற்றவர்களும் சபையில் சேர்ந்தே கை தூக்க வேண்டும் என்பது கட்சி வழக்கம். அவளும் தூக்கினாள். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

குறைக்கப்பட்ட ஐந்தாவது ஆள் தொட்டி சுமப்பவன் இல்லை. லாரி பின்னோக்கி வரும்போது நின்று பார்ப்பவன். ஆள் குறுக்கே வந்தால் கத்துபவன்.

லாரி சந்துக்குள் பின்னோக்கி நகர்ந்தது. இன்னொரு சுமப்பவனான டாம் ஷீல்ஸ் தொட்டியோடு நடைவழியிலிருந்து வெளியே வந்தான். தலை கவிழ்ந்திருந்தது. எஃபி பார்த்தாள். கத்தவும் கத்தினாள். வகுப்பறைக்குப் போதுமான குரல் அது. குப்பையை அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

டாமின் கால் சுவரோடு நசுங்கியது. ஓட்டுநர் டூகி லேர்ட் இறங்கி வந்து பார்த்தான். அதன்பின் அவன் யாரோடும் பேசவில்லை.

அன்று மாலை எஃபியும் வாட்டியும் கவுன்சில் தலைவர் ஆண்ட்ரூ கெயர்ன்ஸின் அறையில் நின்றார்கள். கெயர்ன்ஸ் பழைய சுரங்கத் தொழிலாளி. கன்னத்தில் கரித்தூள் ஏறிய நீலத் தழும்பு.

"டாமுக்கு வேண்டியதைச் செய்வோம்," என்றார் கெயர்ன்ஸ்.

"டாமுக்கு வேண்டியது அவன் காலு," என்றான் வாட்டி. "எங்களுக்கு வேண்டியது அஞ்சாவது ஆளு."

"அஞ்சு பேருன்னா விலை ஏறும். தனியார்காரன் உள்ள வருவான். அவன் உங்களை மூணு பேராக்குவான்."

"அவன் வெட்டறதுக்கு முன்னாடி நீங்களே வெட்டிடறீங்க. அவனுக்கு வேலை மிச்சம்."

"பதினாலு வயசுல குழிக்குள்ள இறங்கினவன்டா நான். எனக்குப் பாடம் எடுக்காதே."

"அப்போ சுரங்கக் கூரை இடியாமப் பார்த்துக்க ஒரு ஆள் இருந்தாரா, இல்லையா?"

கெயர்ன்ஸ் தழும்பைத் தடவினார். பிறகு எஃபியிடம் திரும்பினார். "சபையில தனியா எதாவது பண்ணினே, கட்சியில இருக்க மாட்டே. மே மாசம் தேர்தல். ஞாபகம் இருக்கட்டும்."

வியாழக்கிழமை சபை கூடியது. மேலே பார்வையாளர் மாடத்தில் வாட்டியும் பத்துப் பேரும் வேலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வாய் திறக்கக் கூடாது. எஃபி எழுந்து ஐந்தாவது ஆளைத் திரும்பச் சேர்க்கும் தீர்மானத்தைப் படித்தாள். எட்டு வரிதான்.

"வழிமொழிய?" என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

பெர்ட் கில்லஸ்பி வழிமொழிவதாக நேற்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். முப்பது வருடத் தோழர். அவளோடு மழையில் நின்று துண்டறிக்கை கொடுத்தவர். இப்போது புகைக்குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். ரொம்பக் கவனமாக.

"வழிமொழிய யாராவது?"

அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் எங்கோ தட்டியது. மூடிய அறையில் அவளோடு நின்ற மற்ற ஏழு பேரும் காகிதம் புரட்டினார்கள்.

"வழிமொழிய ஆள் இல்லை. தீர்மானம் விழுந்தது. அடுத்தது, பூங்கா பெஞ்சுக்கு என்ன வண்ணம்."

அதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். பச்சை என்று முடிவானது.

படிக்கட்டில் பெர்ட் அவளைப் பிடித்தார். "எனக்கும் வருத்தம்தான், எஃபி."

"வருத்தத்தை வழிமொழிய முடியாது, பெர்ட்."

கட்சியிலிருந்து நீக்கும் கடிதம் வரும். அதைத் தட்டச்சு செய்யப் போகிற பெண்ணும் அவள் மாணவிதான். பிழை இருக்காது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு லாரிக் கொட்டகை. ஒன்பது லாரிகள் சூடேற உறுமிக்கொண்டு நின்றன. டீசல் புகையில் நாற்பது பேர். வாட்டி கவிழ்த்த தொட்டிமேல் ஏறி நின்றான். எஃபி வாசலருகே ஒதுங்கி நின்றாள்.

"அஞ்சாவது ஆள் வர்ற வரைக்கும் ஒரு லாரியும் வெளிய போகாது. இதுதான் தீர்மானம். யார் வழிமொழியறது?"

சிலர் தரையைப் பார்த்தார்கள். வீட்டு வாடகை, பிள்ளைகள், வரப்போகிற தனியார்காரன். நேற்றைய அதே மௌனம். தன்னை அறியாமல் அவள் கை மேலே போனது.

"டீச்சர், கையை இறக்குங்க!" என்று ஒருவன் கத்தினான். "உங்களுக்கு இங்க ஓட்டு கிடையாது!"

"அங்கயும் கிடையாதுப்பா, பாவம்!" என்றான் இன்னொருவன்.

கொட்டகை சிரித்தது. எஃபி கையை இறக்கினாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் எரிந்தது.

சிரிப்பு ஓய்ந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்த குரல்.

"நான் வழிமொழியறேன்."

டூகி லேர்ட். எல்லோரும் திரும்பினார்கள். அவன் யார் முகத்தையும் பார்க்காமல், தன் லாரியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். இயந்திரம் நின்றது. கைகள் உயர்ந்தன. வாட்டி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான். இரண்டாவது லாரி நின்றது. மூன்றாவது. ஒன்பதாவதும் நின்றபோது, தெருவில் ஒரு நாய் குரைப்பது கேட்டது.

"எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க, டீச்சர்?" என்றான் வாட்டி.

"எட்டரை. முதல் பாடம் எனக்கு."

"போதும். நாங்க உள்ள பேசணும். வாசல்ல நின்னு பார்த்துக்க ஒரு ஆள் வேணும்."

எஃபி வாசலில் நின்றாள். விரல் விறைத்தது. யாரோ கொடுத்த தேநீர் கையில் ஆறியது. எதுவும் மாறிவிடவில்லை. டாமின் கால் திரும்பப் போவதில்லை, மே மாதத் தேர்தலும் நிற்கப் போவதில்லை.

தெருமுனையில் கெயர்ன்ஸின் கார் விளக்கு திரும்பியது.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, சந்தில் போதாமல் போன அந்தக் குரலில் கத்தினாள்.

"வண்டி வருது!"

இந்த முறை நாற்பது பேருக்கும் கேட்டது.