யானைக்குப் பக்கத்தில் ஆவுளியா

உமாராணிக்குப் பிழைப்பு துறைமுகத்தில். நயினார் அண்ணாச்சியின் கிளியரிங் ஆபீசில், கப்பலில் வந்த சரக்கு சுங்கப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று பார்த்து அதற்குரிய எண்ணைப் போடுவது அவள் வேலை. பதினாறு வருஷமாகப் பிரித்துப் பிரித்து, எதைக் கண்டாலும் ‘இது எந்த இனம்?’ என்றே அவளுக்குத் தோன்றும். விக்கிப்பீடியாவில் எழுதப் போனவள் பாலூட்டிகளில் போய் விழுந்ததும் அப்படித்தான்.

அங்கே கட்டுரைகளுக்கு அடியில் ஒரு பெட்டி உண்டு. புலியைப் படித்தவர் அதில் ஒரு தட்டுத் தட்டினால் சிறுத்தைக்குப் போய்விடலாம். இன்றைக்கு உயிரோடிருக்கும் பாலூட்டிகள் ஆறாயிரத்துக்கும் மேல். அத்தனையையும் வரிசை, குடும்பம் என்று தமிழில் பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வௌவால்கள் மட்டும் ஐந்து மாதம் தின்றன.

“ஏளா, குரங்கு முடிஞ்சிட்டா?” என்று அண்ணாச்சி தினமும் கேட்பார். கேலிதான். ஆனாலும் பதில் வாங்காமல் விட மாட்டார்.

ஒரு வியாழக்கிழமை கடற்பசுவிடம் வந்தாள். யாரோ அதைத் திமிங்கிலங்களோடு சேர்த்திருந்தார்கள். எடுத்து யானைக்குப் பக்கத்தில் வைத்தாள். சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் அது பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. மாற்றியவர் பெயர் ஜெர்லின். ‘கடலில் கிடப்பதை யானையோடு சேர்ப்பதா?’ என்று குறிப்பு வேறு.

கடற்பசு யானைக்குத்தான் உறவு என்று சொல்லும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை உமாராணி பேச்சுப் பக்கத்தில் காட்டினாள். மறுநாள் பதில் வந்தது.

‘கட்டுரை இருக்கட்டும். நான் திரேஸ்புரம். நாங்க அதை ஆவுளியான்னு சொல்லுவோம். அந்தப் பேரே உங்க பெட்டியில இல்ல. நீங்க அதைப் பார்த்திருக்கீங்களா?’

சுருக்கென்றது. மீனவர்கள் இருக்கும் திரேஸ்புரம் அவள் ஆபீசிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பிறந்தது முதல் இந்தக் கடற்கரையில் இருந்தும் ஒரு ஆவுளியாவை அவள் கண்டதில்லை.

‘நானும் தூத்துக்குடிதான். பார்த்ததில்லை, நெசம். பேரை இப்பவே சேர்க்கேன். நீங்க பார்த்ததைச் சொல்லுங்க’ என்று எழுதினாள்.

‘ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாங்க’ என்று வந்தது.

ஜெர்லின் கல்லூரி முடித்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பெண். வாசலிலேயே சிரித்துவிட்டாள். “நீங்க யாரோ மெட்ராஸ் வாத்தியாருன்னு நெனச்சேங்க்கா!”

உள்ளே உட்கார்ந்ததும் போனை நீட்டினாள். போன மாதம் அவள் அப்பா கஸ்பார் வலையில் தாயும் குட்டியுமாக இரண்டு ஆவுளியா மாட்டியிருந்தன. வலையை அறுத்து விட்டபோது படகிலிருந்து எடுத்த வீடியோ அது. பச்சைத் தண்ணீரில் பெரிய சாம்பல் உடம்பு மெதுவாகப் புரண்டது. குட்டி நீந்தி வந்து தாயின் முன்துடுப்புக்கு அடியில் மூஞ்சியை நுழைத்தது.

“என்ன செய்யுது?” என்றாள் உமாராணி.

“பால் குடிக்குக்கா. அதுக்கு அக்குள்லதான் மாரு.”

உமாராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “திமிங்கிலத்துக்கு வாலுப் பக்கம்லா இருக்கும். கோயில் யானைக்கு எங்கன இருக்குன்னு பார்த்திருக்கியா?”

ஜெர்லின் யோசித்தாள். அவள் கை தானாகத் தன் நெஞ்சுக்குப் போயிற்று. “முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல!” என்று கத்தியவள், மடிக்கணினியை இழுத்துத் தான் மாற்றியதைத் தானே நீக்கினாள். யானைக்குப் பக்கத்தில், தமிழ்ப் பெயரோடு, ஆவுளியா வந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

சத்தம் கேட்டு கஸ்பார் எட்டிப் பார்த்தார். மகள் விஷயத்தைச் சொன்னாள்.

“யானைக்குச் சொந்தமா!” அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “ஆறு பேரு சேந்து வலையத் தூக்கியும் அசையலியேன்னு பாத்தேன்!”

அப்புறம் அவரும் பாயில் உட்கார்ந்துவிட்டார். ஓங்கல் எங்கே என்றார். டால்பினைத்தான் சொல்கிறார் என்று ஜெர்லின் விளக்கினாள். உமாராணி பெட்டியைத் திறந்து, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெயராகச் சேர்த்தாள். அடுப்படியிலிருந்து ஜெர்லினின் அம்மா பிளாரன்ஸ், “மீன் கொழம்பு ஆறுது!” என்று மூன்றாம் முறை கூப்பிட்டும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.