மாமா எழுதிய பத்திரம்

எனக்கும் மாரிசெல்வத்துக்கும் நடந்த கல்யாணம் நாலு வருடத்துக்கு முன்பே முடிந்துபோனது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சேத்தூரில் ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, 'இனி இவர்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதை அத்துவிடுவது என்பார்கள். எழுதியவர் கருத்தப்பாண்டி. அவர் என் அம்மாவோடு கூடப்பிறந்தவர், எனக்குத் தாய்மாமா. மாரிசெல்வத்தைப் பெற்றவரும் அவர்தான். தாலியை எடுத்துக் கொடுத்ததும் அவர், அத்துவிட்டதும் அவர். இரண்டுக்கும் ஒரே வேட்டியைத்தான் கட்டியிருந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

நானும் மச்சான் மாரிசெல்வமும் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை போட இரண்டு பேர் பேச வேண்டுமே. மச்சான் வாயைத் திறக்க மாட்டார், நான் மூட மாட்டேன். லோடு வேனை நிறுத்திவிட்டு வந்தால் சாப்பாடு, டிவி, தூக்கம். நல்லவர்தான், கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்ததில் நானும் ஊமையாகிப் போனேன். பார்க்க வந்த அம்மா பயந்துபோய் என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிற வைகுண்டராஜுக்கு என்னைப் பிடித்துவிட்டது. நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். இந்தத் தடவை எல்லாம் பக்காவாக இருக்கட்டும் என்று, பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று கேட்க ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி அம்மா மாமாவின் பத்திரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்தெல்லாம் அழகா இருக்கும்மா. ஆனா ஊர் கூடி முடிச்சா சட்டத்துல முடிஞ்சதா ஆகாது. கோர்ட் தீர்ப்பு வேணும். அது இல்லாம இன்னொரு கல்யாணம் பண்ணா, அதுவும் செல்லாது, உங்க மேல கேஸும் வரும்."

நாலு வருடமாக நான் மாரிசெல்வத்தின் பெண்டாட்டியாகவே இருந்திருக்கிறேன்! இது வைகுண்டராஜின் அம்மா காதுக்கு எட்டியது. "ஆவணிக்குள்ள தீர்ப்பு வரலைன்னா வேற பொண்ணு பாத்துருவோம்லே" என்று மகனிடம் சொல்லிவிட்டாள். அவள் மேலும் தப்பில்லை. இன்னொருத்தன் பெண்டாட்டியை எந்தத் தாய் மருமகளாகக் கொண்டுவருவாள்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் சிவரஞ்சனியைப் போய்ப் பார்த்தேன். கோபக்கார அம்மா, ஆனால் விஷயத்தைப் புரியும்படி சொல்லுவார்.

"கொடுமைப்படுத்துனாரு, இல்ல விட்டுட்டுப் போயிட்டாருன்னு நீங்க மட்டும் கேஸ் போடலாம். ஆனா அதை நிரூபிக்கணும், வருசக்கணக்கா இழுக்கும்."

"கொடுமையா? மச்சான் ஒரு ஈயை அடிச்சதில்ல மேடம். பொய் சொல்ல மாட்டேன்."

"அத்துவிடுறது உங்க சாதி வழக்கம்னு கோர்ட்டுல நிரூபிக்கலாம். அதுக்கும் சாட்சி, காலம், எல்லாம் வேணும். பிரிஞ்சு வாழ மட்டும் அனுமதி கேக்கலாம். ஆனா அதை வச்சு மறுகல்யாணம் பண்ண முடியாது."

"அப்ப எனக்கு எதுதான் ஆகும்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து, சம்மதத்தோட மனு போடுறது. ஒரு வருசத்துக்கு மேல பிரிஞ்சிருந்தா போடலாம். வழக்கமா ஆறு மாசம் யோசிக்கச் சொல்லுவாங்க. நீங்க ரொம்ப நாளா பிரிஞ்சிருக்கிறதால அந்த ஆறு மாசம் வேண்டாம்னு கேக்கலாம். குடுக்கிறதும் குடுக்காததும் நீதிபதி இஷ்டம். ரெண்டு பேரும் அவங்க வாயால சொல்லணும், அதான் முக்கியம்."

ஆறு மாதம் என்றால் ஆவணி அம்பேல். அதைத் தவிர்க்க மச்சான் வாயைத் திறக்க வேண்டும். நடக்கிற காரியமா?

சேத்தூருக்குப் போனால் மச்சான் தலையாட்டிவிட்டார். மாமாதான் எகிறிக் குதித்தார்.

"நான் அத்துவிட்டா அத்துவிட்டதுதான்! எத்தனை குடும்பம் தீர்த்து வச்சிருக்கேன்! ஏட்டி, என் கையெழுத்து செல்லாதுன்னு சொல்ல அவிய யாரு? ஏலே மாரிசெல்வம், நீ கோர்ட்டுப் படி ஏறக்கூடாது, ஆமா!"

நான் உடனே சிவரஞ்சனிக்குப் போன் போட்டு மாமா கையில் கொடுத்தேன். அந்த அம்மா மாமாவைவிடப் பெரிய ஆள். "ஐயா, இவங்க எந்தத் தேதியில இருந்து பிரிஞ்சிருக்காங்கன்னு காட்ட உங்க பத்திரம்தான் இருக்கு. அதைக் கோர்ட்டுல தாக்கல் பண்ணணும். பத்திரமா எடுத்துட்டு வாங்க" என்றார். போனை வைத்ததும் மாமா மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தியா? கோர்ட்டே நம்ம பத்திரத்தைக் கேக்குது." மறுநாளே ராஜபாளையத்துக்கு வந்து அதை லேமினேட் செய்துவிட்டார்.

மனு போட்டோம், விசாரணை ஆடியில் வந்தது. ஆடிப்பூரக் கூட்டத்தில் மச்சானின் வேன் ஊர்ந்து ஊர்ந்துதான் கோர்ட்டுக்குப் போனது. எங்கள் பெயரைக் கூப்பிட நேரமானது. மாமாவால் சும்மா உட்கார முடியுமா? வராந்தாவில் ஒரு புருசன் பெண்டாட்டி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றார்கள். அவர்களிடம் போய், "என்ன பிரச்சினை? சொல்லுங்க, செத்த நேரத்துல முடிச்சுத் தாரேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணும் அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இன்னும் இரண்டு ஜோடி வந்து வரிசையில் நின்றது. கோர்ட்டு வாசலிலேயே ஒரு பஞ்சாயத்து! போலீஸ்காரர் வந்து மாமாவை எழுப்பிவிட்டபோது நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மச்சானுக்குப் பல் தெரிந்ததே அதிசயம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமலே உள்ளே போனோம். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வெளிய இருந்தே உங்க சிரிப்பு கேட்டுச்சு. இவ்வளவு சந்தோசமா இருக்கிறவங்க எதுக்குப் பிரியணும்? சொந்தக்காரங்க வேற. ஆறு மாசம் போகட்டுமே, யோசிச்சுப் பாருங்க."

மாமா, உங்கள் பஞ்சாயத்து என் குடியைக் கெடுத்துவிட்டதே! நான் படபடவென்று ஆரம்பித்தேன். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இருங்கம்மா. அவர் சொல்லட்டும்."

அவர் எங்கே சொல்லப் போகிறார்? மச்சான் தரையைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைத் திருகினார். சிவரஞ்சனி என்னை முறைத்தார். நான் ஆண்டாளை வேண்டிக்கொண்டேன்.

"அம்மா," என்றார் மச்சான். தொண்டையைச் செருமினார். "இவ எங்க வீட்டுல ரெண்டு வருசம் இருந்தா. சின்னப்புள்ளையில இருந்து ஊரே கேக்கிற மாதிரி சிரிக்கிறவ. அந்த ரெண்டு வருசத்துல ஒரு நாள்கூட சிரிக்கல. என்னால சிரிக்க வைக்க முடியல. எனக்குப் பேச வராது. இப்ப நீங்க கேட்டீங்கல்லாம்மா, அந்தச் சிரிப்பு அவளுக்குத் திரும்பக் கிடைச்சிருக்கு. அது அப்படியே இருக்கட்டும்மா."

அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. நீதிபதி மாமாவின் லேமினேட் பத்திரத்தில் தேதியைப் பார்த்தார். காத்திருப்பு தேவையில்லை, மனுவை ஏற்று விவாகரத்து தருகிறேன் என்றார்.

வெளியே வந்தால் எனக்குப் பேச்சு வரவில்லை. வைகுண்டராஜ் போனில் கூப்பிட்டார். "என்ன ஆச்சு? அனுசியா? ஏன் பேச மாட்டேங்கிற?" என்று பதறினார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். மச்சான் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அண்ணே, முடிஞ்சிருச்சு. ஆவணியில மாமன் சீரோட நாங்க வாரோம். அவ அழுதுக்கிட்டு இருக்கா. செத்த நேரத்துல பேச ஆரம்பிச்சுருவா." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "நல்லாப் பேச விடுங்கண்ணே."