கதவுக்குப் போட்ட பெருக்கல்

பட்டி பார்த்து முடித்த கதவுக்கெல்லாம் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவது பெயிண்டரின் பழக்கம். பின்னால் வருகிற அவன் மனைவி குறியைப் பார்த்துத்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். போன ஊரிலெல்லாம் இப்படித்தான் செய்தார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்தச் சந்தில் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். இடது வரிசை முழுக்கப் பட்டி காய்ந்து, குறியும் போட்டாகிவிட்டது. மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பெயிண்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பட்டி பூசும் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எங்கோ பாடிக்கொண்டிருந்த ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் இடது வரிசையின் இஸ்திரிக்காரர். கையில் சூடான இஸ்திரிப் பெட்டி.

"யார்றா போடச் சொன்னது?"

"எதைண்ணே?"

"நடிக்காதே. இந்தப் பக்கம் மட்டும் போட்டிருக்கே. அந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்லை. நீ யார் ஆளு?"

"யார் ஆளும் இல்லண்ணே. பெயிண்டர்."

"அன்னைக்கு வந்தவனும் சுண்ணாம்பு வாளியோடதான் வந்தான்."

பெயிண்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இஸ்திரிக்காரரின் மனைவி துணி மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக வெளியே வந்தாள். அவள்தான் சொன்னாள், அவனைப் பார்க்காமல், கதவைப் பார்த்து: "கலவரத்தன்னைக்குப் பகல்ல இதே மாதிரி போட்டுட்டுப் போனாங்க. இருட்டினதும் போட்ட வீடெல்லாம் கொளுத்தினாங்க. எங்கண்ணன் உள்ள இருந்தான்."

எதிர் வரிசையில் தையல்காரம்மா வாசலுக்கு வந்து கையைப் பிசைந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னே."

இரண்டு வரிசை ஆண்களும் இறங்கிவிட்டார்கள். ஒருவன் பெயிண்ட் டப்பாவை எட்டி உதைத்தான். இஸ்திரிப் பெட்டியின் சூடு பெயிண்டரின் கன்னத்தில் அடித்தது.

"சத்தியமா வேலை அடையாளம்ண்ணே! என் வீட்டுக்காரி தேய்க்கிறதுக்காக..." என்று சொல்லிக்கொண்டே உப்புத்தாளை எடுத்து முதல் கதவில் பாய்ந்தான். பரபரவென்று தேய்த்தான். மாவு கண்ணில் விழுந்தது, தும்மிக்கொண்டே தேய்த்தான். குறி ரோஸ் நிறமாகி, வெள்ளையாகி, போயே போய்விட்டது. ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை, ஒருவரும் உதவவுமில்லை. கதவு கதவாக அவன் நகர, கூட்டமும் கூடவே நகர்ந்தது. கடைசிக் கதவு முடிந்தபோது விரல்நுனியில் தோல் இல்லை.

இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். "தெரியாமப் போட்டிருக்கான், விடுங்க," என்றார். பிறகு மனைவியிடம், "உள்ள போ. பாரு, ஒண்ணுமில்ல."

அவள் கதவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் தடவினாள். மெதுவாக உள்ளே போய் மூட்டையை இறக்கி வைத்தாள். பெயிண்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சந்து முனையில் வாளிச் சத்தம் கேட்டது. தண்ணீரோடு வந்த அவன் மனைவி கதவுகளைப் பார்த்தாள். ஒன்றிலும் குறி இல்லை. தன் வழக்கமான உரத்த குரலில் கேட்டாள்:

"எந்தெந்த வீடுய்யா?"

இஸ்திரிக்காரர் வீட்டில் தாழ்ப்பாள் விழுந்தது.