முன்மேசை நாற்காலி

மூன்றாவது முறையும் திரையில் அதே கட்டம்தான் வந்தது. பென் டிரைவைத் திறக்க நிர்வாகியின் பாஸ்வேர்டு வேண்டும். சுகன்யா எழுந்து முன்மேசைக்கு வந்தாள். மேசைக்கு அடியிலிருந்த சிபியூவிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி, துப்பட்டா நுனியால் துடைத்து, மறுபடி செருகினாள். உள்ளறைக்குப் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்து அழுத்தினாள். அதே கட்டம்.

பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த அந்த டைப்பிங் சென்டரில் உண்மையில் ஓடுவது ஒரே கம்ப்யூட்டர்தான். போன வருடம் வைரஸ் புகுந்து எல்லாம் படுத்த பிறகு முதலாளி மகேஸ்வரன் ஆள் வைத்து லினக்ஸ் போட்டிருந்தார். வேலையெல்லாம் முன்மேசை மெஷினுக்குள் நடக்கும். உள்ளறையின் இரண்டு பழைய பெட்டிகள் அங்கே நடப்பதை ஒயர் வழியாக வாங்கித் திரையில் காட்டும், அவ்வளவுதான். மகேஸ்வரன் தன் நாற்காலியிலிருந்து அழுத்தினால் எந்தப் பென் டிரைவும் உடனே திறக்கும். சுகன்யாவோ கூட வேலை பார்க்கும் ஸ்டெபியோ உள்ளேயிருந்து அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கும். அவர் எழுந்து வந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் தட்டிவிட்டுப் போவார்.

இன்றைக்கு அவர் டவுனில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்.

பெஞ்சில் ஆறுமுகத்தாய் மஞ்சப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றும்போது லாரியின் கயிறு அறுந்து அவள் புருஷன் சொரிமுத்து விழுந்தான். இடுப்பெலும்பு போனது. நஷ்ட ஈடு கிடையாது என்று வந்த உத்தரவுக்கு மேல்முறையீடு செய்ய இன்றுதான் கடைசி நாள். விபத்து நடந்த தேதி தப்பாக இருக்கிறது என்று வக்கீல் பழைய பிரதியில் சிவப்பு மையால் சுழித்து, மனு இருந்த பென் டிரைவைக் கொடுத்து அனுப்பியிருந்தார். கோர்ட்டில் மனு வாங்கும் கவுன்டர் நாலு மணிக்கு மூடிவிடும்.

"மூணு அடிக்கப் போவுதே தாயீ. வேற கடையில கேக்கட்டுமா?"

"அங்கன ஜெராக்ஸ் மட்டுந்தான்க்கா. தமிழ் அடிக்க ஆளு கெடையாது. பைய இருங்க."

சுகன்யா போன் போட்டாள். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே மகேஸ்வரன் கத்தினார். "பாஸ்வேர்டெல்லாம் போன்ல சொல்ல முடியாது பிள்ளே! நாலரைக்கு வாரேன்."

ஸ்டெபி சிரித்தாள். "பென் டிரைவுக்கும் முதலாளிதான் சாமி பிள்ளே. அவரு பேரச் சொன்னாத்தான் தெறக்கும்."

சுகன்யா கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அவரு மக வேணி ஞாயித்துக்கெழம வந்து பென் டிரைவுல இருந்து பிரின்ட் எடுத்தாள்லா? அவ எந்தப் பேர்ல நுழைஞ்சா?"

"அவ பேர்லதான்."

"அவளுக்குப் பாஸ்வேர்டு தெரியுமா?"

"அவளுக்கா! அவளுக்குத் தெரிஞ்சா காலேஜுக்கே தெரிஞ்சிரும்."

"அப்ப பேருல ஒண்ணும் இல்ல. அவ எங்கன உக்காந்திருந்தா?"

ஸ்டெபி முன்மேசையைத் திரும்பிப் பார்த்தாள். "வேணாம்ட்டி. வேல போயிரும்."

வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் அவர்கள் இருவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அதைப் பெருக்குவதற்காக நகர்த்துவார்கள், திரும்பவும் அதே இடத்தில் போடுவார்கள். சுகன்யா போய் உட்கார்ந்தாள். தன் பெயரைப் போட்டு நுழைந்தாள். பென் டிரைவின் படத்தை அழுத்தினாள்.

கேள்வி எதுவும் கேட்காமல் திறந்தது.

"பாத்தியா?" சுகன்யாவுக்குக் குரல் உயர்ந்தது. "இது ஆளப் பாக்கல, இடத்தப் பாக்குது. பெட்டிக்கு முன்னால இருக்கவதான் பென் டிரைவைச் சொருகியிருப்பான்னு நம்புது. ஒயர் வழியா வந்தா எவளோ வெளியாளுன்னு நெனச்சு பாஸ்வேர்டு கேக்குது."

"உள்ள இருக்க நாம வெளியாளா?"

"மெஷினுக்கு அப்படித்தான்."

மனுவைத் தன் பெயரிலுள்ள ஃபோல்டருக்கு நகல் எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். தேதியைத் திருத்தி, மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தாள். ஆறுமுகத்தாய் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மை காயாத கோர்ட் முத்திரை விழுந்த பிரதியோடு வந்து வாசலில் நின்று உயர்த்திக் காட்டினாள்.

நாலரைக்கு மகேஸ்வரன் நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். முன்மேசைத் திரையில் சுகன்யாவின் பெயர் இருந்தது. அவள் அதிலிருந்து வெளியேற மறந்திருந்தாள்.

"யாரு இதுல உக்காந்தது?"

"நாந்தான் அண்ணாச்சி."

"யார்ட்டக் கேட்டு?"

"கேக்க நேரமில்ல அண்ணாச்சி. நாலு மணிக்குள்ள மனு போவணும், போயிட்டு." அவள் குரல் தணியவில்லை. "ஒரு தடவ பாஸ்வேர்டு போட்டுத் தாங்க. நான் மெஷினுக்குள்ள ஒரு விதி எழுதுதேன். பெறகு ஒங்க நாற்காலில யாரும் உக்கார வேண்டி வராது."

கடைசி வாக்கியத்துக்கு அவர் தலையாட்டினார். கையால் மறைத்துக்கொண்டு தட்டினார்.

சுகன்யா நின்றபடியே எழுதினாள். முதலில் 'டைப்பிங்' என்று ஒரு குழு உண்டாக்கி அதில் இரண்டு பெயர்களைச் சேர்த்தாள். அனுமதிகளைக் கவனிக்கும் நிரலின் விதிகள் இருக்கும் இடத்தில் ஐந்து வரி அடித்தாள். இந்தக் குழுவில் உள்ளவர் எந்தத் திரையிலிருந்து பென் டிரைவைத் திறக்கக் கேட்டாலும், பாஸ்வேர்டு கேட்காமல் அனுமதி கொடு. பென் டிரைவுக்கு மட்டும். மற்ற எதற்கும் இல்லை. சேமித்துவிட்டுத் தன் பெயரிலிருந்து வெளியேறி, விலகி நின்றாள்.

மகேஸ்வரன் மேசைத் துணியை எடுத்தார். நாற்காலியின் இருக்கையைத் துடைத்தார். இரண்டு கைப்பிடிகளையும் துடைத்தார். துணியை உதறிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

சுகன்யா உள்ளறைக்குப் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் திரையில் பென் டிரைவை அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்கவில்லை. திறந்தது.